சொல்லுக்கு ஒரு வேலி!



ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால் காலையில் எழுந்ததும் உங்களில் பலர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பல் துலக்குவதற்கு முன்பே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் போய் நின்றுவிடுவீர்கள். 'கனமழைக்கு வாய்ப்பு' என்று செய்தி ஓடினால் உங்கள் முகம் மலர்ந்துவிடும். 'மிதமான மழை' என்று ஓடினால் வாடிவிடும். சரிதானே?

இப்போது ஒரு கேள்வி. கனமழை என்றால் என்ன?

பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "வாசல் கோலம் அழிந்து, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினால் அதுதான் கனமழை" என்பார். மாமாவிடம் கேட்டால், "குடை பிடித்தும் நனைந்துவிட்டால் கனமழை" என்பார். உங்கள் தம்பிக்கோ பள்ளிக்கு விடுமுறை விட்டால் அது கனமழை! ஒரே சொல்தான். ஆனால் ஆளுக்கு ஒரு பொருள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்படி ஆளுக்கு ஒன்று சொல்ல முடியுமா? முடியாது. அதனால் அவர்கள் அளவு குறித்து வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை பதிவானால் அது கனமழை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை பதிவானால் மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதாவது 950 மில்லிமீட்டர். அதி கனமழைக்கான எல்லையைப்போல நான்கு மடங்குக்கும் மேல்!

'மில்லிமீட்டர் என்பது நீளத்தின் அளவாயிற்றே, மழையை எப்படி அதில் அளக்கிறார்கள்?' என்று உங்களில் யாராவது கேட்டால் அவருக்கு என் பாராட்டு. அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. பெய்த நீர் வழிந்து ஓடாமல், மண்ணில் ஊறாமல், ஆவியாகாமல் சமதரையில் அப்படியே தேங்கி நின்றால் எவ்வளவு ஆழம் நிற்குமோ, அந்த ஆழம்தான் மழையளவு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புயலும் இப்படித்தான். வங்கக் கடலில் காற்றுச் சுழன்று அடித்தாலே அது புயல் ஆகிவிடாது. தொடர்ந்து வீசும் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அல்லது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நம் பகுதிக் கடல்களில் 2004 முதல் புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள் அல்லவா? அந்த எல்லையைத் தொட்ட பிறகுதான் பெயர் கிடைக்கும். 2024 நவம்பரில் ஒரு தாழ்வு மண்டலம் நாள் கணக்கில் பெயர் இல்லாமலே கடலில் நின்றது. 29-ஆம் தேதிதான் அது புயலாகி 'ஃபெஞ்சல்' என்ற பெயரைப் பெற்றது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

இந்த எல்லைகள் எதற்கு? கடலுக்குப் போவதா, வேண்டாமா என்று மீனவர் முடிவு செய்ய வேண்டும். தாழ்வான இடங்களில் இருப்பவர்களை எப்போது வெளியேற்றுவது என்று மாவட்ட ஆட்சியர் முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கை சொல்பவர் ஒரு பொருளில் சொல்லி, கேட்பவர் வேறு பொருளில் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? உயிர்களுக்கே ஆபத்து!

ஒரு சொல்லுக்கு இப்படி எல்லை குறித்து, 'இதுவரைதான் இதன் பொருள்' என்று சொல்வதற்குப் பெயர்தான் வரையறை. உங்கள் வினாத்தாளில் 'வரையறு' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு வருமே, அதேதான்!

மூன்று உறுப்புகள்

வயலைச் சுற்றி வரப்பு இருக்கும். தோட்டத்தைச் சுற்றி வேலி இருக்கும். அதைப் பார்த்தால் எது உள்ளே, எது வெளியே என்று சண்டை இல்லாமல் தெரிந்துவிடும். வரையறை என்பது ஒரு சொல்லைச் சுற்றிப் போடும் வேலி.

இந்த வேலியைப் போடுவது கடினம் இல்லை. மூன்று உறுப்புகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் உறுப்பு, சொல். எதை விளக்கப் போகிறோமோ அந்தச் சொல்.

இரண்டாவது, இனம். அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வேறுபாடு. அந்தக் கூட்டத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும்.

முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். 'முக்கோணம் என்பது மூன்று நேர்கோட்டுத் துண்டுகளால் அடைபட்ட தள உருவம்.' இதில் 'முக்கோணம்' சொல். 'தள உருவம்' இனம். சதுரம், வட்டம், செவ்வகம் எல்லாமே தள உருவங்கள்தான். அவற்றிலிருந்து முக்கோணத்தைப் பிரித்துக் காட்டுவது எது? 'மூன்று நேர்கோட்டுத் துண்டுகளால் அடைபட்ட' என்ற பகுதி. அதுதான் வேறுபாடு.

இனத்தைச் சொல்லும்போது மிகப் பெரிய கூட்டத்தைச் சொல்லக்கூடாது. 'முக்கோணம் என்பது ஒரு பொருள்' என்று தொடங்கினால், யானை, பூனை, பானை எல்லாவற்றிலிருந்தும் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டவரிடம், 'இந்தியாவில் இருக்கிறது' என்று சொல்வதுபோல் ஆகிவிடும்! அருகில் உள்ள சிறிய கூட்டத்தைச் சொல்லுங்கள். வேலை பாதி முடிந்துவிடும்.

வேலியைச் சோதிக்க இரண்டு கேள்விகள்

வேலி போட்டாயிற்று. அது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: வெளியே இருக்க வேண்டியது ஏதாவது உள்ளே நுழைந்துவிட்டதா?

இரண்டு: உள்ளே இருக்க வேண்டியது ஏதாவது வெளியே நின்றுவிட்டதா?

'பறவை என்பது பறக்கும் விலங்கு' என்று ஒரு மாணவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வியைக் கேளுங்கள். வௌவால் பறக்கிறது, அது பாலூட்டி. கொசு பறக்கிறது, அது பூச்சி. இரண்டுமே உள்ளே நுழைந்துவிட்டன! இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். நெருப்புக்கோழி பறக்காது. பென்குவினும் பறக்காது. பாவம், இரண்டு பறவைகளும் வேலிக்கு வெளியே நிற்கின்றன!

அப்படியானால் பறவைகளுக்கு மட்டுமே உரிய அடையாளம் எது? இறகு! இன்று உயிர் வாழும் விலங்குகளில் இறகு முளைப்பது பறவைகளுக்கு மட்டும்தான். வௌவாலுக்கு இறக்கை உண்டு, இறகு கிடையாது. பென்குவினின் உடல் முழுவதும் சின்னஞ்சிறு இறகுகள். ஆகவே, 'பறவை என்பது இன்று வாழும் விலங்குகளில் உடலில் இறகுகள் உடைய முதுகெலும்புள்ள விலங்கு' என்று எழுதலாம்.

'இன்று வாழும்' என்று எதற்குச் சேர்த்தேன் தெரியுமா? 1996-ஆம் ஆண்டு சீனாவில், இறகு போன்ற தூவிகளுடன் ஒரு டைனோசரின் புதைபடிவம் கண்டெடுக்கப்பட்டது. அதன் பிறகு அப்படிப் பல கிடைத்திருக்கின்றன. அந்த டைனோசர்கள் நம் வேலிக்குள் நுழைந்துவிடக்கூடாது அல்லவா? அதற்குத்தான் அந்த இரண்டு சொற்கள்!

பழைய கிரேக்க நாட்டுக் கதை ஒன்று உண்டு. பிளேட்டோ என்ற பெரிய அறிஞர், 'மனிதன் என்பவன் இறகு இல்லாத, இரண்டு கால் விலங்கு' என்று சொன்னாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். டயோஜீனஸ் என்பவர் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு கோழியைப் பிடித்து, அதன் இறகுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இதோ பாருங்கள், பிளேட்டோவின் மனிதன்!' என்று காட்டினாராம். வேறு வழியில்லாமல், 'தட்டையான அகன்ற நகங்களை உடைய' என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியதாயிற்றாம்!

கதை சிரிப்பாக இருந்தாலும் டயோஜீனஸ் செய்த வேலை நல்ல வேலை. நீங்கள் ஒரு வரையறை எழுதியதும், உங்களுக்குள்ளேயே ஒரு டயோஜீனஸ் எழுந்து, 'இதற்குள் நுழையக்கூடிய கோழி எது?' என்று தேட வேண்டும்.

குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் நன்னூல். ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களை அதில் அவர் பட்டியல் போட்டிருக்கிறார். அவற்றில் நான்கு, வரையறை எழுதும் நமக்கு மிகவும் உதவும்.

குன்றக் கூறல்: வேண்டியதைச் சொல்லாமல் குறைத்துச் சொல்வது. ஒரு நிபந்தனை குறைந்தால் வேலியில் ஓட்டை விழும். கோழி நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

மிகைபடக் கூறல்: வேண்டாததையும் சேர்த்துச் சொல்வது. 'உலோகம் என்பது பளபளப்பான, மின்சாரத்தைக் கடத்தும், திண்ம நிலையில் உள்ள தனிமம்' என்று எழுதினால், பாதரசம் வந்து, 'அப்படியானால் நான் யார்?' என்று கேட்கும். பாதரசம் உலோகம்தான், ஆனால் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும். 'திண்ம நிலையில் உள்ள' என்ற நிபந்தனைதான் அதை வெளியே தள்ளியது. பெரும்பாலான உலோகங்கள் திண்மமாக இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அது உலோகத்தைப் பற்றிய ஒரு செய்தி. செய்தி வேறு, வரையறை வேறு. செய்தியை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.

கூறியது கூறல்: சொன்னதையே திருப்பிச் சொல்வது. 'ஆவியாதல் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, 'திரவம் ஆவியாக மாறுவது ஆவியாதல்' என்று எழுதிய விடைத்தாள்கள் எத்தனையோ! 'ஆவி' தெரியாதவருக்கு இதனால் என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். 'ஒரு திரவம், கொதிநிலைக்குக் குறைவான வெப்பநிலையில், தன் மேற்பரப்பிலிருந்து வாயு நிலைக்கு மாறும் நிகழ்வு ஆவியாதல்' என்று எழுதிப் பாருங்கள். இப்போது கொதித்தலும் ஆவியாதலும் வேறு என்பதுகூடப் புரிந்துவிடுகிறது.

மயங்க வைத்தல்: இப்படியா, அப்படியா என்று குழப்பும்படி சொல்வது. 'நிறைய', 'பெரிய', 'கொஞ்சம்', 'சீக்கிரம்' போன்ற சொற்கள் வந்தாலே எச்சரிக்கையாக இருங்கள். எவ்வளவு நிறைய? எதைவிடப் பெரிய? 'நிறையப் பெய்தால் கனமழை' என்று சொல்லாமல் 64.5 என்று எண் கொடுத்தார்களே, அதன் அருமை இப்போது புரிகிறதா?

இன்னும் இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டை மட்டும் சொல்லிவிட்டு வரையறை சொன்னதாக நினைப்பது ஒன்று. 'பாலூட்டி என்றால் பசு, ஆடு, நாய்' என்றால், திமிங்கிலம் பாலூட்டியா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? 'இல்லை', 'அல்ல' என்றே சொல்லிக்கொண்டு போவது இன்னொன்று. 'திரவம் என்பது திண்மமும் அல்ல, வாயுவும் அல்ல' என்றால், அது எது என்று சொல்லவே இல்லையே! 'நிலையான பருமனும், ஊற்றி வைக்கும் கலத்தின் வடிவத்தையே ஏற்கும் தன்மையும் உடைய பொருள் நிலை' என்றால் தெளிவாகிவிடும்.

வீட்டுச் சொல், ஆய்வகச் சொல்

அறிவியலில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் பேசும் சொல்லையே சில சமயம் அறிவியலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புது வேலி போட்டுவிடும்!

'வேலை' என்ற சொல்லைப் பாருங்கள். புத்தகப் பையை முதுகில் சுமந்துகொண்டு அரை மணி நேரம் பேருந்து நிறுத்தத்தில் அசையாமல் நிற்கிறீர்கள். தோள் வலிக்கிறது. 'எவ்வளவு வேலை!' என்கிறீர்கள். இயற்பியலோ, 'அந்தப் பையின் மீது நீ செய்த வேலை பூச்சியம்' என்கிறது. ஏனென்றால் இயற்பியலில், ஒரு விசை ஒரு பொருளின் மீது செயல்பட்டு, அந்தப் பொருள் விசையின் திசையில் இடம்பெயர்ந்தால்தான் அது வேலை. பை இடம்பெயரவில்லையே! கோபம் வேண்டாம். உங்கள் தோள் வலியை இயற்பியல் மறுக்கவில்லை. அதன் வேலி வேறு, அவ்வளவுதான்.

'எடை'யும் அப்படித்தான். கடைக்காரர் '30 கிலோ எடை' என்பார். அறிவியலில் கிலோகிராம் என்பது நிறையின் அலகு. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது ஈர்ப்பு விசை. அதன் அலகு நியூட்டன். 30 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறுமியின் எடை பூமியில் ஏறத்தாழ 294 நியூட்டன். அவள் நிலவுக்குப் போனால் நிறை அதே 30 கிலோகிராம்தான். எடையோ ஆறில் ஒரு பங்காக, 49 நியூட்டனாகக் குறைந்துவிடும்.

இங்கே ஒரு சின்னச் சோதனை. 'எடை என்பது ஒரு பொருளின் மீது செயல்படும் புவியீர்ப்பு விசை' என்று எழுதினால் சரியா? நம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'புவி' என்று சொல்லிவிட்டதால் நிலவில் உள்ள எடை வேலிக்கு வெளியே போய்விட்டது! 'ஒரு பொருளை அது இருக்கும் கோளோ, துணைக்கோளோ இழுக்கும் ஈர்ப்பு விசை' என்றால் நிலவும் உள்ளே வந்துவிடும். ஒரே ஒரு சொல்லில் எவ்வளவு வேறுபாடு!

வேலி இல்லாததால் வந்த சண்டை

வானியல் அறிஞர்களையே திணற வைத்த ஒரு சொல் உண்டு. அது 'கோள்'.

1801-இல் சிசிலித் தீவில் இருந்த பியாசி என்ற அறிஞர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சீரிஸ் என்ற வான்பொருளைக் கண்டுபிடித்தார். 'புதிய கோள்!' என்று கொண்டாடினார்கள். ஆனால் அதே பகுதியில் அதுபோன்ற பொருள்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்துக்கொண்டே இருந்தன. அதனால் சீரிஸைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்து, சிறுகோள்களுடன் சேர்த்துவிட்டார்கள்.

1930-இல் அமெரிக்காவில் கிளைட் டோம்பா என்பவர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதற்கு அந்தப் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? இங்கிலாந்தைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி! உங்கள் வயதுதான்! ஒன்பதாவது கோளாகப் புளூட்டோ பாடப்புத்தகங்களில் ஏறியது.

2005-இல் புளூட்டோவுக்கு அப்பால், ஏறத்தாழ அதே அளவில் எரிஸ் என்ற இன்னொரு பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். அப்போதுதான் சிக்கல் வந்தது. எரிஸ் பத்தாவது கோளா? அப்படியானால் இன்னும் எத்தனை வரும்? இல்லை என்றால், புளூட்டோ மட்டும் எப்படிக் கோள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏன்? கோள் என்ற சொல்லை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தியவர்கள், அதற்கு முறையான வேலி போட்டிருக்கவில்லை!

2006 ஆகஸ்ட் 24 அன்று செக் குடியரசின் தலைநகர் பிராக் நகரில் பன்னாட்டு வானியல் சங்கத்தினர் மஞ்சள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து வாக்களித்தார்கள். நம் சூரியக் குடும்பத்தில் கோள் என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. ஒன்று, அது சூரியனைச் சுற்றிவர வேண்டும். இரண்டு, தன் ஈர்ப்பு விசையாலேயே ஏறத்தாழ உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். மூன்று, தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தை மற்றப் பொருள்கள் இல்லாமல் துப்புரவாக்கி இருக்க வேண்டும்.

புளூட்டோ முதல் இரண்டிலும் தேறியது. மூன்றாவதில் தோற்றது. அதன் பாதை இருக்கும் பகுதியில் பனிப்பாறைப் பொருள்கள் ஏராளம். ஆகவே அது 'குறுங்கோள்' ஆயிற்று. எரிஸும், நம் பழைய சீரிஸும் அதே பட்டியலில் சேர்ந்தன.

புளூட்டோ சிறிதும் மாறவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மாறியது நம் வேலி. அதற்கே உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியிருந்தது! 'துப்புரவாக்கி' என்ற சொல் மயங்க வைக்கிறது, எவ்வளவு துப்புரவு என்று சொல்லவில்லையே என்று இன்றும் சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நன்னூல் சொன்ன குற்றம் எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா!

முழத்திலிருந்து ஒளி வரை

பூக்காரம்மா முழம் போட்டுப் பூ தருவார். அவர் கை நீளமாக இருந்தால் நமக்கு லாபம். குட்டையாக இருந்தால் நஷ்டம். பூவுக்குப் பரவாயில்லை. அறிவியலுக்கு ஆகுமா?

1791-இல் பிரெஞ்சு அறிஞர்கள், 'வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர்' என்று முடிவு செய்தார்கள். இரண்டு அறிஞர்கள் 1792 முதல் 1798 வரை அலைந்து திரிந்து, அந்தத் தூரத்தில் ஒரு பகுதியை அளந்து கணக்கிட்டார்கள். 1799-இல் அந்த நீளத்துக்கு ஒரு பிளாட்டினத் தண்டு செய்யப்பட்டது. பின்னாளில் பார்த்தால், அது இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு!

1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த தண்டு ஒன்று உலகத்துக்கே மீட்டர் ஆனது. ஆனால் தண்டு தேயலாம், தொலையலாம். 1960-இல் கிரிப்டான் அணு வெளியிடும் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு மீட்டரை வரையறுத்தார்கள். 1983 முதல், 'வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரம் ஒரு மீட்டர்' என்பதே வரையறை. இதைத் திருட முடியாது, தேய்க்க முடியாது. சென்னையிலும் டோக்கியோவிலும் ஒன்றேதான்.

ஆக, வரையறை என்பது கல்வெட்டு அல்ல. அறிவு வளர வளர வேலியை நகர்த்திப் போடலாம். ஆனால் எல்லோரும் அறிய, சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும்.

உங்கள் அறிவியல் கண்காட்சிக்கு

பள்ளிக் கண்காட்சிக்கு, 'மண்புழு உரம் இட்ட செடி நன்றாக வளர்கிறதா?' என்று நீங்கள் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். 'நன்றாக வளர்ந்தது' என்றால் என்ன? உயரமா? இலைகளின் எண்ணிக்கையா? தண்டின் பருமனா? உங்கள் தோழி உயரத்தை அளந்து, நீங்கள் இலைகளை எண்ணினால் இரண்டு பேரின் முடிவையும் ஒப்பிடவே முடியாது.

எனவே ஆய்வைத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள்: 'இந்த ஆய்வில் வளர்ச்சி என்பது, ஒவ்வொரு ஞாயிறும் காலை 8 மணிக்கு, மண் மட்டத்திலிருந்து தண்டின் நுனி வரை சென்டிமீட்டரில் அளக்கப்படும் உயரம், முந்தைய வாரத்தைவிட அதிகரித்த அளவு.' இப்படி எழுதிவிட்டால், வேறு ஊரில் உள்ள மாணவர்கூட உங்கள் ஆய்வை அப்படியே செய்து பார்க்கலாம். அளக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லும் வரையறைதான் ஆய்வுக்கு ஏற்றது.

இன்னொன்று. ஒரு சொல்லை வரையறுத்துவிட்டால் கட்டுரை முழுவதும் அதே சொல்லையே பயன்படுத்துங்கள். தமிழ்க் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகு குறையும் என்று வேறு சொல் தேடுவோம். அறிவியலில் அது கூடாது. ஒரு வரியில் 'நிறை', அடுத்த வரியில் 'எடை' என்று மாற்றினால் படிப்பவர் இரண்டும் வேறு என்று நினைப்பார், அது சரியும்கூட!

நினைவில் வையுங்கள்!

1. சொல், இனம், வேறுபாடு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சொல்லையே திருப்பிச் சொல்லாதீர்கள். அதைவிடக் கடினமான சொல்லாலும் விளக்காதீர்கள்.

3. 'நிறைய', 'கொஞ்சம்' வேண்டாம். முடிந்தால் எண்ணும் அலகும் கொடுங்கள்.

4. வெளியாள் நுழைந்தாரா, உள்ளாள் விடுபட்டாரா என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

5. எடுத்துக்காட்டு வேண்டுமானால் வரையறைக்குப் பிறகு கொடுங்கள்.

வேலியில் ஓட்டை எங்கே? கண்டுபிடியுங்கள்!

கீழே ஐந்து வரையறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறை இருக்கிறதா, இருந்தால் என்ன குறை என்று நண்பர்களுடன் பேசி முடிவு செய்யுங்கள். விடைகளை இப்போதே பார்க்கக்கூடாது!

1. மீன் என்பது நீரில் வாழும் விலங்கு.

2. பாலைவனம் என்பது மணல் நிறைந்த, வெப்பமான நிலப்பகுதி.

3. பூச்சி என்பது எறும்பு, ஈ, கொசு போன்றவை.

4. கனி என்பது தாவரத்தின் இனிப்பான, விதையுள்ள பகுதி.

5. இருள் என்பது ஒளி இல்லாத நிலை.

விடைகள்

1. திமிங்கிலம், இறால், தலைப்பிரட்டை எல்லாம் உள்ளே நுழைந்துவிட்டன. முதுகெலும்பு, செவுள், துடுப்பு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

2. பனி மூடிய அண்டார்டிகாவும் பாலைவனம்தான்! மழையும் பனியும் மிகக் குறைவாகப் பெய்யும் நிலப்பகுதி என்பதே அடிப்படை. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டருக்கும் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள்.

3. எடுத்துக்காட்டு மட்டும் இருக்கிறது. ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக அமைந்த உடலும் உடைய கணுக்காலி என்று எழுதலாம். எட்டுக் கால் சிலந்தி வெளியே போய்விடும்.

4. 'இனிப்பான' என்பது மிகை. தாவரவியலில் கனி என்பது பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவது. எனவே கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய்கூடக் கனிகளே!

5. குறை இல்லை! 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்றேனே என்கிறீர்களா? இருள் என்பதே ஒன்று இல்லாமல் இருக்கும் நிலைதான். அதனால் இங்கே 'இல்லாத' என்பது தேவையான சொல்.

அடுத்த முறை வினாத்தாளில் 'வரையறு' என்று பார்த்தால், மனப்பாடம் செய்ததைத் தேட வேண்டாம். சொல்லைச் சுற்றி நீங்களே ஒரு வேலி போடுங்கள். பிறகு கையில் ஒரு கோழியோடு அதைச் சுற்றி நடந்து பாருங்கள்!